அமெரிக்க அரசு உபரி ஏலங்களில் கேமராவும் லென்ஸும் வாங்குவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் கவுண்டி எனப்படும் ஒரு மாவட்டத்தின் காவல் பொறுப்பிலுள்ள ஷெரிஃப் அலுவலகம் தன் தடயவியல் பிரிவுக்குப் புதிய கேமராக்களை வாங்கும்போது, பழையவை பெரும்பாலும் பொதுமக்கள் பங்கேற்கக்கூடிய ஏலத்துக்கு வருகின்றன. பள்ளிகள் இருட்டறைகளை மூடும்போது நெகட்டிவைப் பெரிதாக்கி அச்சிடும் என்லார்ஜர்களும், பல்கலைக்கழக ஆய்வகங்கள் இடம் மாறும்போது ஆவணங்களைப் படமெடுக்கும் ஸ்டாண்டுகளும் இதே வழியில்தான் வெளியே வருகின்றன. இந்த ஏலங்களில் பல ஆண்டுகளாக வாங்கிவரும் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று உண்டு. இங்கே விற்பவருக்குப் பொருளைப் பற்றி அநேகமாக ஒன்றும் தெரியாது. விளக்கம் எழுதும் கிடங்கு ஊழியர் அதே காலையில் ஐம்பது நாற்காலிகளையும் ஒரு பனி அகற்றும் வண்டியையும் பட்டியலிட்டு முடித்துவிட்டு, மீதியிருக்கும் நேரத்தில் ‘கேமரா, சோதிக்கப்படவில்லை’ என்று எழுதிப் படம் எடுத்துப் போட்டிருப்பார். வாங்குபவருக்கு லாபம் வருவதும் நஷ்டம் வருவதும் இந்த ஒரே இடத்திலிருந்துதான். ஆகவே கேமராவைப் பற்றிய அறிவு முழுவதையும் நீங்களே கையோடு கொண்டுபோக வேண்டும்.

பொருள் வரும் பாதையை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

கூட்டாட்சி அரசின் ஒரு துறைக்கு வேண்டாத பொருள் நேராக ஏலத்துக்கு வந்துவிடாது. முதலில் மற்ற கூட்டாட்சித் துறைகளுக்குத் தேவையா என்று கேட்கப்படும்; அவை வேண்டாமென்றால் மாநிலங்களின் உபரிப் பொருள் அமைப்புகள் வழியாகப் பொது நிறுவனங்களுக்கும் தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்கும் வழங்கப்படும்; அவற்றுக்கும் பிறகு மிஞ்சுவதைத்தான் 1949-இல் தொடங்கப்பட்ட ஜெனரல் சர்வீசஸ் அட்மினிஸ்ட்ரேஷன் எனப்படும் ஜிஎஸ்ஏ பொது ஏலத்தில் விற்கிறது. நம் கைக்கு வருவதற்குள் பொருள் இரண்டு சல்லடைகளில் சலிக்கப்பட்டுவிடுகிறது. நல்ல நிலையிலுள்ள டிஜிட்டல் கேமராக்கள் வழியிலேயே எடுக்கப்பட்டுவிடும். இன்னதென்று யாருக்கும் விளங்காத லென்ஸுகளும் ஆய்வகக் கருவிகளும் கடைசிவரை வந்து சேரும். நகரம், கவுண்டி, பள்ளி மாவட்டம் ஆகியவற்றுக்குப் பொதுவாக இத்தனை நீண்ட பாதை கிடையாது. ஆகவே டிஜிட்டல் கேமரா வேண்டுமென்றால் உள்ளாட்சி ஏலங்களையும், அபூர்வமான லென்ஸோ கருவியோ வேண்டுமென்றால் கூட்டாட்சி ஏலங்களையும் பார்ப்பது என் வழக்கம்.

கூட்டாட்சிப் பொருள்களுக்கு ஜிஎஸ்ஏ ஆக்‌ஷன்ஸ் தளமும், உள்ளாட்சிப் பொருள்களுக்குக் கவ்டீல்ஸ், பப்ளிக் சர்ப்ளஸ், முனிசிபிட் ஆகிய தளங்களும் இருக்கின்றன. ப்ராப்பர்ட்டிரூம் என்ற தளத்திலும் காவல் துறை அனுப்பும் கேமராக்கள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் பறிமுதல் செய்யப்பட்டவையும் உரிமையாளர் தேடி வராதவையுமே அன்றி, துறை தானே வாங்கிப் பயன்படுத்தியவை அல்ல என்பதால், அவற்றை ஒரு முன்பின் தெரியாதவரின் பழைய கேமராவாகவே எண்ணி விலை கேட்க வேண்டும். இவை தவிர, விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் ஸ்வாப், மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் சர்ப்ளஸ் ஸ்டோர் போன்ற உபரிக் கடைகள் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு அருகே இப்படி ஒன்று இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வாங்க முடிவதைப் போன்ற வசதி வேறில்லை.

தேடும் முறை

‘கேமரா’ என்று மட்டும் தேடினால் கண்காணிப்புக் கேமராக்களும் காவல் வாகனங்களின் முகப்பில் பொருத்தும் கேமராக்களும்தான் பக்கம் பக்கமாக வரும். கருவியின் பெயரைவிட அதன் உறுப்புகளின் பெயர்களில் தேடுவது பலன் தரும்: நிக்கோர் (நிக்கான் லென்ஸுகளின் பெயர்), மைக்ரோ, ஸ்பீட்லைட், என்லார்ஜர், டார்க்ரூம், காப்பி ஸ்டாண்ட், டிரைபாட். எழுத்துப் பிழைகளோடும் தேடுங்கள். கேனன் என்ற பெயரில் நடுவிலுள்ள ‘என்’ எழுத்தை இரட்டித்துப் பீரங்கி என்று பொருள்படும் சொல்லாக எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அந்த லாட் (ஒரே ஏலமாக விற்கப்படும் பொருள் அல்லது தொகுப்பு) சரியாகத் தேடுபவர்களின் கண்ணில் படாமலேயே முடிந்துவிடும். அமெரிக்காவில் மான்ஃப்ரோட்டோ டிரைபாட்கள் நெடுங்காலம் போகன் என்ற பெயரில் விற்கப்பட்டன என்பதால் அந்தப் பெயரிலும் தேட வேண்டும்.

கூட்டாட்சி அரசு தன் பொருள்கள் அனைத்தையும் எண்களால் வகைப்படுத்தியிருக்கிறது. அதில் 67 என்ற தொகுதி முழுவதும் ஒளிப்படக் கருவிகளுக்கானது: 6720 நிழற்படக் கேமராக்கள், 6740 படம் கழுவும் அச்சிடும் கருவிகள், 6760 துணைக்கருவிகள், 6780 தொகுப்புப் பெட்டிகள். விளக்கத்தில் எதுவும் புரியும்படி இல்லாவிட்டாலும் இந்த எண் இருந்தால் அந்த லாட்டைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பட்டியலைப் படிப்பது

எழுத்தை நம்பாமல் படத்தைப் படிக்கப் பழகுவதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி லென்ஸின் முகப்பு வளையத்தைப் பாருங்கள். கேனனில் சிவப்புக் கோடும் நிக்கானில் பொன்னிறக் கோடும் உயர்ரக லென்ஸுக்கான அடையாளங்கள். குவியத் தொலைவு எண் தெரியவில்லையென்றால், லென்ஸின் நீளம், வளையங்களின் இடம், எழுத்தின் நிறம் ஆகியவற்றைக் கொண்டு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். பேட்டரி அறையின் மூடி இருக்கிறதா, சார்ஜர் படத்தில் தெரிகிறதா, லென்ஸுக்குப் பின்மூடி போட்டிருக்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். மூடியே இல்லாமல் திறந்த பெட்டியில் குவித்து வைத்த லென்ஸுகள் எப்படிப் பராமரிக்கப்பட்டிருக்கும் என்பதைப் படமே சொல்லிவிடும்.

‘சோதிக்கப்படவில்லை’ என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பல நேரங்களில் பேட்டரியில் சார்ஜ் இல்லை என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. ‘உதிரிபாகங்களுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தால், யாரோ ஒருவர் முயன்று பார்த்து வேலை செய்யாததைக் கண்டிருக்கிறார் என்றே கொள்ளுங்கள்.

பட்டியலில் பொறுப்பாளரின் தொடர்பு விவரம் இருக்கும். அவரிடம் ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் பயனில்லை; தெரியாது என்ற பதிலே வரும். அவர் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதைக் கேளுங்கள். லென்ஸின் முன் வளையத்தில் என்ன எழுதியிருக்கிறது, சார்ஜர் சேர்த்துத் தரப்படுமா, எந்தப் பிரிவு பயன்படுத்தியது, புதியது வாங்கியதால் கழித்தார்களா அல்லது பழுதானதால் கழித்தார்களா, நேரில் வந்தால் என் பேட்டரியைப் போட்டுப் பார்க்க அனுமதிப்பீர்களா. மரியாதையோடு சுருக்கமாக எழுதிய மின்னஞ்சலுக்கு அவர்கள் பெரும்பாலும் பதில் தருகிறார்கள்.

எவற்றை வாங்கலாம்

கேமரா பாடியைவிட லென்ஸுக்கு முதலிடம் தருவது என் உறுதியான கருத்து. பாடியின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்கும். நல்ல மேக்ரோ லென்ஸ் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதே படத்தைத் தரும். காவல் துறைத் தொகுப்புகளில் 60 மி.மீ. மைக்ரோ நிக்கோர் போன்ற லென்ஸ் இருப்பது வழக்கம், ஏனெனில் கைரேகையையும் காலணித் தடத்தையும் நெருங்கி எடுக்க அது வேண்டும். பையின் பக்கவாட்டு அறையில் ‘எல்’ வடிவத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சிறு அளவுகோல் இருந்தால் அது தடயப் பிரிவின் பை என்று தெரிந்துகொள்ளலாம். இத்தகைய கேமராக்கள் சம்பவ இடத்தில் மட்டுமே வெளியே எடுக்கப்படுவதால், வெளிப்புறம் தேய்ந்திருந்தாலும் ஷட்டர் ஓட்டம், அதாவது அதுவரை எடுத்த படங்களின் எண்ணிக்கை, குறைவாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

தடயவியலுக்கென்றே செய்யப்பட்ட இரண்டு கேமராக்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஃபுஜிஃபில்ம் நிறுவனம் 2006-இல் எஸ்3 ப்ரோ யுவிஐஆர் என்ற கேமராவையும், 2007-இல் ஐஎஸ் ப்ரோ என்ற கேமராவையும் வெளியிட்டது. அகச்சிவப்பு, புறஊதாக் கதிர்களில் படம் எடுப்பதற்காக, சாதாரண கேமராக்களின் சென்சாருக்கு முன்னால் இருக்கும் தடுப்பு வடிகட்டியை இவற்றில் நீக்கியிருக்கிறார்கள். இரண்டும் நிக்கான் லென்ஸுகளை ஏற்கும். ஏலப் பட்டியலில் வெறுமனே ‘ஃபுஜி கேமரா’ என்று கிடக்கும் இவற்றை, பாடியின் முகப்பில் உள்ள எழுத்தைக் கொண்டுதான் கண்டுபிடிக்க வேண்டும். ஐஎஸ் ப்ரோவின் பேட்டரி பார்வைக்கு நிக்கானின் இஎன்-இஎல்3இ போலவே இருந்தாலும் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்த முடியாது. உரிய பேட்டரி இல்லாமல் வந்தால் அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வழக்கமான வண்ணப் படம் எடுக்க லென்ஸின் முன்னால் அகச்சிவப்புத் தடுப்பு வடிகட்டி ஒன்றும் தேவைப்படும்.

இருட்டறைப் பொருள்களில் பீசெலர் 23சி, ஒமேகா டி2 போன்ற என்லார்ஜர்கள் அடிக்கடி வருகின்றன. தூணும் விளக்குக் கூடும் இருந்தால் மட்டும் போதாது. நெகட்டிவைப் பிடித்துவைக்கும் கேரியரும் லென்ஸைப் பொருத்தும் லென்ஸ் போர்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள், ஏனெனில் தொலைந்துபோன அந்தச் சிறு தகடுகளைத் தேடி வாங்குவது என்லார்ஜரை வாங்குவதைவிடச் சிரமம். எல்-நிக்கோர், காம்போனான்-எஸ், ரோடகான் ஆகிய பெயர்களில் ஒன்று லென்ஸில் தெரிந்தால், அந்த ஒரு லென்ஸுக்காகவே முழு லாட்டையும் வாங்கலாம். போலராய்டு எம்பி-4 என்ற ஸ்டாண்டையும் கவனியுங்கள். ஆய்வகங்களில் ஆவணங்களையும் மாதிரிகளையும் படமெடுக்கப் பயன்பட்ட அந்தக் கருவியின் கேமராவுக்கு உரிய போலராய்டு ஃபிலிம் இன்று இல்லை. ஆனால் அதன் கனத்த தூணும் அடிப்பலகையும் பழைய நெகட்டிவ்களை டிஜிட்டலாக்க இன்றைய மலிவான ஸ்டாண்டுகளைவிட அசையாமல் நிற்கின்றன.

இரண்டாம் உலகப் போர்க்கால வான்படக் கேமராக்களின் கோடக் ஏரோ-எக்டார் லென்ஸ் இந்த உபரி உலகின் பழம்பெரும் பொருள். 178 மி.மீ. குவியத் தொலைவும் எஃப்/2.5 திறப்பும் கொண்ட அதன் கண்ணாடியில் தோரியம் கலந்திருப்பதால் காலப்போக்கில் மஞ்சளாகிவிடும். புறஊதா ஒளியில் சில நாள்கள் வைத்தால் மஞ்சள் பெரும்பாலும் நீங்கும். தோரியம் லேசான கதிரியக்கம் உள்ளது என்பதால் அதைக் குழந்தைகளின் கைக்கு எட்டும்படியோ படுக்கைக்கு அருகிலோ வைக்கக் கூடாது.

விலக்க வேண்டியவை என்று நான் கருதுவன ஸ்டுடியோ ஃபிளாஷ்களின் கனமான பவர் பேக்குகள். நெடுநாள் பயன்படாத கெப்பாசிட்டர்கள் மின்சாரம் ஏற்றியவுடன் வெடிக்கக்கூடும். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் உயிரைப் பறிக்கக்கூடியது. பழைய கைஃபிளாஷ்களில், குறிப்பாக ஜப்பானில் செய்த தொடக்ககால விவிட்டார் 283-இல், தூண்டும் மின்னழுத்தம் 200 வோல்ட்டையும் தாண்டும் என்பதால் டிஜிட்டல் கேமராவில் பொருத்தினால் மின்சுற்று எரிந்துவிடலாம். என்லார்ஜரையோ விளக்கையோ ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள், அவை அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை, நம் ஊரில் 230 வோல்ட் என்பதை மறந்துவிடக் கூடாது.

நேரில் சோதிப்பது

ஒருமுறை ஆறு லென்ஸுகள் கொண்ட லாட்டைப் படத்தை மட்டும் பார்த்து வாங்கினேன். நேரில் பார்க்க இரண்டு நாள் அனுமதி இருந்தும் நான் போகவில்லை. வீட்டுக்கு வந்த பின் டார்ச் அடித்துப் பார்த்தபோது நான்கில் பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்திருந்தது. விற்றவர் மேல் தவறில்லை. உள்ளது உள்ளபடி என்றுதான் எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து, 100 டாலருக்கு மேல் போகும் எதையும் பார்க்காமல் நான் வாங்குவதில்லை.

கொண்டுபோக வேண்டியவை சிறு டார்ச், சார்ஜ் ஏற்றிய பேட்டரிகள், மெமரி கார்டுகள், லென்ஸ் துடைக்கும் துணி. நிக்கான் டி80, டி90, டி200, டி300, டி700 ஆகியவற்றுக்கு இஎன்-இஎல்3இ பேட்டரியும், டி7000 வரிசைக்கும் பிந்தைய பல பெரிய கேமராக்களுக்கும் இஎன்-இஎல்15 பேட்டரியும், கேனன் 5டி மார்க் 2, 7டி, 60டி ஆகியவற்றுக்கு எல்பி-இ6 பேட்டரியும் பொருந்தும்.

ஒரு கிடங்கில் டி300 ஒன்றைச் சோதித்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் பேட்டரி அறையைத் திறந்து பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அடுத்து, கார்டு போடும் இடத்துக்குள் டார்ச் அடித்தேன், ஏனெனில் காம்பாக்ட்ஃபிளாஷ் கார்டு ஏற்கும் கேமராக்களில் உள்ளே இருக்கும் மெல்லிய ஊசிகளில் ஒன்று வளைந்தாலும் பழுதுபார்க்கும் செலவு கேமராவின் விலையை எட்டிவிடும். கைப்பிடி ரப்பர் பிசுபிசுத்து விளிம்பில் தூக்கியிருந்தது. பழைய நிக்கான்களில் இது சாதாரணம், விலையைக் குறைத்துக் கேட்க ஒரு காரணம், அவ்வளவே. பேட்டரியைப் போட்டு, திறப்பை எஃப்/16-இல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தேன். திரையில் பெரிதாக்கியபோது மேல் மூலையில் இரண்டு தூசிப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. பிறகு மிகக் குறைந்த வேகத்திலிருந்து மிக அதிக வேகம்வரை வரிசையாகப் பத்துப் படங்கள் எடுத்தேன். வாகனத்துக்குத் திரும்பி மடிக்கணினியில் அந்தக் கோப்பின் விவரங்களைத் திறந்தேன். ஷட்டர் எண்ணிக்கை பதினோராயிரத்துச் சொச்சம். அந்த மாடலின் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது. நிக்கான் இந்த எண்ணைப் படக்கோப்பிலேயே எழுதிவிடுகிறது. கேனனின் பல மாடல்களில் கேமராவைக் கம்பியால் கணினியோடு இணைத்து, அதற்கான மென்பொருளைக் கொண்டுதான் பார்க்க முடியும்.

லென்ஸைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் பூஞ்சை. பால் படிந்தாற்போன்ற மங்கல் எண்ணெய்ப் புகை. விளிம்பில் வானவில் நிறத்தில் வளையம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிந்துவருகின்றன. சில தூசித் துகள்கள் எல்லாப் பழைய லென்ஸிலும் இருக்கும், அவற்றால் படத்துக்குக் கேடில்லை. பழைய நிக்கான் லென்ஸின் பின்புறம் உள்ள சிறு நெம்பைத் தள்ளிப் பிடித்துப் பிறகு கையை எடுத்தால் திறப்பு இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். தயங்கி மூடினால் இதழ்களில் எண்ணெய் இறங்கியிருக்கிறது.

கணக்குப் போட்டு ஏலம் கேட்பது

ஏலத்தொகை என்பது நீங்கள் கொடுக்கப்போகும் தொகை அல்ல. 220 டாலருக்கு வென்றதாக வையுங்கள். வாங்குபவர் கட்டணம் 12.5 சதவீதம் என்றால் 27.50 டாலர், மொத்தத்துக்கு விற்பனை வரி 8 சதவீதம் என்றால் 19.80 டாலர், போய்வரும் பெட்ரோல் 25 டாலர், பேட்டரியும் சார்ஜரும் 60 டாலர். கேமரா வீட்டுக்கு வரும்போது 352.30 டாலர் ஆகிவிட்டது. கட்டணமும் வரியும் தளத்துக்குத் தளம், விற்பவருக்கு விற்பவர் மாறும் என்பதால் ஒவ்வொரு பட்டியலிலும் படித்துக்கொள்ள வேண்டும். கேஇஎச், எம்பிபி போன்ற பழைய கேமராக் கடைகள் அதே பொருளைச் சோதித்து, உத்தரவாதத்தோடு என்ன விலைக்கு விற்கின்றன என்று பார்த்து, நேரில் சோதித்த பொருளுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கும், சோதிக்காத பொருளுக்கு மூன்றில் ஒரு பங்கும் மொத்தச் செலவின் உச்சவரம்பு என்று நான் வைத்திருக்கிறேன்.

அந்த உச்சவரம்பைக் காகிதத்தில் எழுதிவிட்டு, தானியங்கிக் கேட்பாகத் தளத்தில் பதிந்துவிடுங்கள். தேவையான அளவுக்கு மட்டும் அது உயர்த்திக்கொண்டே போகும். கடைசி நொடியில் கேட்டு வெல்லும் உத்தி இங்கே பெரும்பாலும் பலிக்காது, ஏனெனில் இறுதி நிமிடங்களில் யாராவது கேட்டால் ஏல நேரம் நீண்டுகொண்டே போகும்.

பணம் கட்டுவதும் எடுத்துவருவதும்

ஜிஎஸ்ஏ ஏலத்தில் வென்றால் இரண்டு வேலை நாள்களுக்குள் பணம் கட்ட வேண்டும், பத்து வேலை நாள்களுக்குள் பொருளை எடுத்துச்செல்ல வேண்டும். கவ்டீல்ஸில் பொதுவாகப் பணத்துக்கு ஐந்து வேலை நாள்கள், எடுக்கப் பத்து. தவறினால் பணமும் போகும், கணக்கும் முடக்கப்படும். பெரும்பாலான அலுவலகங்கள் பொருளைப் பொதிந்து அனுப்புவதில்லை. உங்களால் போக முடியாவிட்டால், உங்கள் சார்பில் எடுப்பவருக்குக் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் தேவை. சார்பாகப் போகும் நண்பரிடம் பட்டியலின் அச்சுப்படியையும் கொடுத்தனுப்பி, ஒவ்வொரு பொருளையும் சரிபார்த்த பின்னரே கையெழுத்திடச் சொல்லுங்கள். பட்டியலில் சொன்ன பொருளே அங்கு இல்லை, அல்லது வேறு பொருள் இருக்கிறது என்றால் வெளியே எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஜிஎஸ்ஏ விற்பனையில் விளக்கத்துக்கு மாறான பொருள் என்றால், எடுத்துச்சென்ற 15 நாள்களுக்குள் எழுத்தில் முறையிட வழி உண்டு. ஆனால் பொருள் வேலை செய்யவில்லை என்பதற்கு இந்த வழி பொருந்தாது.

வீட்டுக்கு வந்த பிறகு

பையின் எல்லா அறைகளையும் ஒருமுறை துழாவுங்கள். காவல் துறைப் பையிலோ மருத்துவ ஆய்வகப் பையிலோ மெமரி கார்டு கிடைத்தால், அதைத் திறந்து பார்க்க வேண்டாம். யாரோ ஒருவரின் காயமோ, யாரோ ஒருவரின் வீட்டில் நடந்த துயரமோ அதில் இருக்கலாம். பொறுப்பாளரை அழைத்துச் சொல்லுங்கள். திரும்ப அனுப்பச் சொன்னால் அனுப்புங்கள், அழிக்கச் சொன்னால் படிக்காமலேயே அழித்துவிடுங்கள்.

பூஞ்சை உள்ள லென்ஸை மற்ற லென்ஸுகளோடு ஒரே பையில் வைக்காதீர்கள். கேமராவின் அமைப்புகளைத் தொடக்கநிலைக்கு மாற்றி, தேதியைச் சரிசெய்து, ஒரு வாரம் தினமும் பயன்படுத்திப் பாருங்கள். முதல் நாளில் தெரியாத கோளாறு, கேமரா சூடேறிய பிறகு தெரியவரும்.

பாடியின் அடியில் அரசுச் சொத்து என்ற ஒட்டுத்தாளோ, உலோகத்தில் பொறித்த எண்ணோ பெரும்பாலும் இருக்கும். ஒட்டுத்தாளை நீக்கலாம், பொறித்த எண்ணைத் தேய்த்து அழிக்க முயலாதீர்கள், திருட்டுப் பொருள் என்ற ஐயத்தை அது இன்னும் வலுவாக்கும். பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் பின்னாளில் விற்கும்போதும் கேள்வி வருவது இந்த எண்ணால்தான். ஆகவே விற்பனை ரசீதின் ஒரு நகலில் கேமராவின் வரிசை எண்ணையும் பொறித்த எண்ணையும் எழுதி, மடித்து, கேமராப் பையின் உள்ளறையிலேயே வைத்துவிடுங்கள்.